அடித்தல் திருத்தல்

தார்ஹான் நகரில் ஜனவரி.
வெளியே விட்ட மூச்சு
திரும்பி வந்து புருவத்தில் உறைகிறது.
நிலப்பதிவு அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில்
இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் துலம்சூரெனுக்கு
வயது ஐம்பத்தொன்று.
மாலை ஆறரைக்கு அவள் ஒன்றாம் வகுப்பு.

சுற்றறிக்கை வந்திருக்கிறது.
இனி மங்கோலியப் பழைய எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும்,
மேலிருந்து கீழே
கயிறு பிடித்து இறங்குகிற எழுத்து.
அவள் படித்ததெல்லாம் சிரிலிக்,
இடமிருந்து வலம், சாலையில் லாரி போவதுபோல.

இந்த எழுத்துக்கு உடம்பு உண்டு.
நடுவே இறங்கும் கோட்டுக்கு முதுகெலும்பு என்று பெயர்.
அதில் பல் முளைக்கும், வயிறு தள்ளும்,
முடிகிற இடத்தில் வால்.
துலம்சூரென் எழுதினால்
முதுகெலும்பு பாதி வழியில் பிடித்துக்கொள்ளும்.
பல் ஒன்று கூடுதலாக இருக்கும்.
வயிறு வாலின்மேல் உட்கார்ந்துவிடும்.

கிழித்தாள்.
நவம்பரில் ஒரு நோட்டு, டிசம்பரில் இரண்டு.
கிழிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல்:
மக்கு, மரமண்டை,
இத்தனை நாளில் ஆட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால்
ஆடு எழுதியிருக்கும்.
கவுண்டருக்கு வருகிற எல்லாரிடமும்
அடையாள அட்டை கேட்கிறவள்
இந்தக் குரலிடம் மட்டும் கேட்டதேயில்லை.

வியாழக்கிழமை ஷாரவ் என்று ஒருவர் வந்தார்.
தொண்ணூறு கிலோமீட்டர், குளிர்காலப் பட்டிக்கு மனு.
பெயர் எழுத வேண்டிய கட்டத்தில்
ஊரை எழுதிவிட்டார்.
குல்லாயைக் கையில் கசக்கிக்கொண்டு
மைனஸ் முப்பதில் வியர்த்து நின்றார்.
வெள்ளை மை கிடைக்குமா, மறைத்துவிடுகிறேன், என்றார்.

நிமிராமல் சொன்னாள்,
தினம் பத்துப் பேருக்குச் சொல்வதுதான்:
மறைத்தால் செல்லாது.
ஒரே ஒரு கோடு போடுங்கள், மெதுவாக.
அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.
செல்லும்.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.
தோன்றியிருந்தால் கதையாகியிருக்கும்.
வரிசையில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.

இரவு.
உப்புப் போட்ட பால்தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் தட்டிக்கொண்டிருந்தது.
தன் பெயரை எழுதிப் பார்த்தாள்.
பல் கூடுதல்.
கை, பழக்கத்தில், தாளின் மூலையைப் பற்றியது.
பற்றியபடியே
வெகுநேரம் இருந்தது.

பிறகு பேனாவை எடுத்து ஒரே ஒரு கோடு.
இந்த எழுத்தை அடிக்கிற கோடும் செங்குத்தாகத்தான் இறங்க வேண்டும்.
கோணிய முதுகெலும்பை ஒட்டி அது இறங்கியபோது
முறிந்த எலும்புக்குப்
பத்தை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது.
பக்கத்தில் மறுபடி எழுதினாள். அதுவும் கொஞ்சம் கோணல்.
கீழே, லட்சம் தடவை போட்ட
அதே சிரிலிக் கையெழுத்து.
தேதியும் போட்டாள்.
போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அடித்தல் திருத்தல் இல்லை என்று
பத்திரத்தின் அடியில் உறுதி எழுதுகிறவர்கள் நாம்.
தப்பின்மேல் கோடு இழுப்பதற்கும்
ஆளைக் கைநீட்டுவதற்கும்
நமக்கு ஒரே சொல்.
அவள் மொழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.
நோட்டைத்தான் பார்த்தேன்.

மார்ச் மாதம்வரை முப்பத்தொரு அடித்தல்கள்,
எல்லாம் படிக்கத் தெரிகின்றன,
எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கிறது.
கடைசிப் பக்கத்தில் பற்கள் சரியான கணக்கில்.
வால் மட்டும் இன்னும் நீளம்,
ஏதோ ஓடப் பார்க்கிற மிருகத்துக்குப் போல.

குரல் வராமல் இல்லை.
வரிசையில் நிற்கச் சொல்கிறாள்.
சில நாள் நிற்கிறது.