கூடக் காணப்பட்டவன்

வீரசோழன் ஆற்றில் தண்ணீர் நின்று
மூன்று வாரம் ஆகியிருந்தது.
களத்தில் நெல் குவிந்தபடி இருந்தது.
ஈரமானியைச் செருகிப் பார்த்து
பதினேழுக்கு மேல் போனால்
இன்னும் ரெண்டு வெயில் காயட்டும் என்பேன்.
நாற்பது கிலோ சாக்கு;
ஒரு கைப்பிடி போடுவேன், ஒரு கைப்பிடி எடுப்பேன்.
இருபத்திரண்டு வருஷம்
பிறர் நெல்லை எடை போட்டவன்
பொறையாறு ஆஸ்பத்திரியில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
சுவரில் கை எழுதிய ராத்திரி
அந்த ராஜா குறையக் காணப்பட்டான்.
நான் கூடக் காணப்பட்டேன்:
தொண்ணூற்றாறு கிலோ.
சர்க்கரை முன்னூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்க்கவில்லை.
"டீயில சீனி வேணாம்.
தினம் நாற்பது நிமிஷம் நடங்க."
நாற்பது என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.
மறுநாள் சாம்பல் புதன்.

ஜபருல்லா டம்ளரை நீட்டியபோது சொன்னேன்:
"லெந்து நாள் பாய், சீனியை விட்டுட்டேன்."
"நாற்பது நாளுமா?"
"நாற்பது நாளும்."
பொய் என்று சொல்ல முடியாது.
உண்மை என்றும்.

செய்தி டீயைவிடச் சூடாகப் பரவியது.
சபை ஐயர் பிரசங்கத்தில்
பெயர் சொல்லாமல் ஒரு சகோதரனைக் காட்டினார்.
பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.
ரூபாவதி வீட்டுக்கு வந்ததும்
மாத்திரை அட்டையை என் பைபிள்மேல் வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சத்தியநாதன் என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள்
கல்லறைத் தோட்டத்தில் ஜோடியாகப் படுத்திருக்கிறார்கள்.

விடியுமுன் கரையில் நடப்பேன்.
மணல் தெரியும் ஆறு. அதுவும் விரதம்;
அதற்கு மேட்டூர் சொல்லியிருக்கிறது,
எனக்கு மங்கையர்க்கரசி.
இருபதாவது நிமிஷம் இரைக்கும்.
ஜெபம் என்று வாக்கியம் கட்ட மூச்சு போதாது.
கர்த்தாவே என்பேன். பத்து அடி.
கர்த்தாவே. ஒரு மதகு தாண்டும்.
ஆலயத்தில் கால்மணி நேரம் அழகாக ஜெபிக்கிறவன் நான்.
அதில் அவருக்கு எது கேட்டதோ,
இந்த இரைப்பு கேட்டிருக்கும்.

உடம்பு அவர் தங்கும் வீடு என்று
ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பென்சில் வாங்கியிருக்கிறேன்.
வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்,
ஒருநாளும் பெருக்கவில்லை.
வலது கட்டைவிரலில் உணர்வு போய்விட்டது.
அந்த அறையில் அவர்
விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

ஈஸ்டருக்கு மறுநாள்
ஜபருல்லா தட்டில் வைத்தே கொண்டுவந்தான்:
ஏலக்காய் தட்டி, ஏடு மிதக்க.
"நோன்பு திறந்தாச்சுல்ல? இது என் கணக்கு."
ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
குடித்தேன்.
சேவல் எதுவும் கூவவில்லை;
மணி பதினொன்று.
இனிப்பு சாயங்காலம்வரை பல்லில் நின்றது.

அடுத்த நாள் நடக்கப் போகாமல் நேரே கடைக்குப் போனேன்.
"லெந்து இல்ல பாய். வியாதி.
சொல்ல வெக்கமா இருந்துச்சு,
ஆண்டவர் பேரைச் சொல்லிட்டேன்."
அவன் பிஸ்கட் பாட்டிலைத் தூக்கினான்.
அடியில், எண்ணெய்க் கறையோடு,
மடித்த என் மருந்துச் சீட்டு.
"மாசியிலயே விட்டுட்டுப் போயிட்டே.
முந்தாநாள் போட்டது அரைக் கரண்டிதான்."
"முந்தாநாள் இல்ல, நேத்து."
"சரி, நேத்து."
பாலை ஒருமுறை ஆற்றினான். இன்னொருமுறை.
"எனக்கு இருநூத்தி எண்பது. வீட்டுல தெரியாது.
காலைல எத்தனை மணிக்கு நடக்கறே?"

ஆனி பிறந்து ஒரு வாரம்.
நூற்றெழுபத்தெட்டு;
போதாது என்கிறார் டாக்டர்.
மேட்டூர் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.
ஜபருல்லா பேசிக்கொண்டே வருகிறான்,
நான் இரைத்துக்கொண்டே.
இன்று மதகின் கீழே
சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு
ஒரு விரல் ஆழத்துக்கு வந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
அந்தக் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மற்ற ஒன்பதுக்கும் தெரிந்தது.