பதினாறு மில்லிமீட்டர்

வண்டியை விற்றபோது தெல்மோ
குதிரையின் பிட்டத்தில் தட்டுவதுபோலப்
பின் டயரைத் தட்டிச் சொன்னான்:
"நூற்றி நாற்பது. இந்த ஊரில் வேறு எவனிடமும் இல்லை."
ஏன் இல்லை என்று
அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

என் வேலை வேலி.
தினம் நாற்பது கிலோமீட்டர் கம்பியைப் பார்த்தபடியே ஓட்டுவேன்.
அறுந்த இடத்தில் முறுக்கிக் கட்டுவேன்.
தாண்டத் தெரியாத குவானக்கோக் குட்டி
கால் மாட்டித் தொங்கினால்
சாக்கால் கண்ணை மூடி, கம்பியை வெட்டி அனுப்புவேன்.
பத்தகோனியாவின் இந்தப் பக்கம் மரம் கிடையாது.
காற்றுக்குச் சாய்ந்துகொள்ள
நான்தான் இருக்கிறேன்.

மூன்றாம் வாரம் ஒரு சத்தம்.
சரளையில் இல்லை, வண்டிக்குள்.
தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல.
இறங்கிக் குனிந்தேன்.
சங்கிலி டயரின் விலாவை அறுத்துக்கொண்டிருந்தது.
ஸ்விங் ஆர்ம் முழுக்கக் கரித்தூள்.

நில்டா கயுகேயோவின் டயர் கடையில்
ஒரே ஒரு ஸ்டூல். அதில் பூனை.
நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன்.
"ரிம்மில் என்ன போட்டிருக்கிறது?"
டயரில்தானே பார்க்க வேண்டும்?
"டயரில் இருப்பது தெல்மோவின் ஆசை. ரிம்மைப் படி."
எச்சில் தொட்டுத் துடைத்தேன்,
மூன்று வருஷச் சேறு.
அடியில் 2.15.

இரண்டேகால் அங்குலம்கூட வராத இடுப்பில்
நூற்றி நாற்பதைக் கட்டியிருக்கிறான்.
இரு ஓரமும் இறுகி, நடு பிதுங்கி,
அகலத்துக்குக் காசு கொடுத்த டயர்
தரையைத் தொட்டதென்னவோ ஒரு கீற்றுதான்.

கம்பெனி போட்ட அளவு 120/80-18.
ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம்.
பேச்சுவார்த்தை இல்லாத மூன்று அண்ணன் தம்பிகள்
ஒரே வீட்டுக்கு வாடகை கட்டுவதுபோல.
நடுவில் நிற்கும் எண்பதுதான் கள்ளன்.
உயரத்துக்கென்று அவனிடம் சொந்த எண் கிடையாது,
அகலத்தில் நூற்றுக்கு எண்பது.
பருத்தால்
நெட்டையாகவும் ஆகிவிடும்.

சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டாள்:
நூற்றிப் பன்னிரண்டு. தொண்ணூற்றாறு.
"பதினாறு. நிறுத்தும்போது நுனிக்காலில் நிற்கிறாயா?"
ஒவ்வொரு கேட்டிலும் நுனிக்காலில்தான்.
குட்டை நான் என்றல்லவா
நினைத்திருந்தேன்.

ஆனால் அவளிடம் நூற்றிருபது இல்லை.
நூற்றிப்பத்து இருந்தது.
என் எடை, கம்பிச் சுருள், கடப்பாரை, பெட்டியில் நாய்;
சுமை எண்ணைப் பார்த்துவிட்டு
இருவரும் பேசாமல் சுவரில் திருப்பி மாட்டினோம்.
நூற்றிமுப்பது இருந்தது.
"ஏறும்" என்றாள்.
சங்கிலிக்கும் அதற்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.
விரல் போகவில்லை.
"இன்றைக்கு உரசாது."
பொய் சொல்ல வராத வியாபாரி,
அதனால்தான் ஒரே ஸ்டூல்.

நாலு நாள் இரவல் குதிரையில் வேலி பார்த்தேன்.
வெள்ளி இரவு, கொமொதோரோ பஸ்ஸின் வயிற்றில்,
யாரோ ஒருவருடைய மெத்தைக்கும்
ஒரு பெட்டி ஆப்பிளுக்கும் இடையே
வந்து சேர்ந்தது நூற்றிருபது.
ஒல்லியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான்,
ஒத்துக்கொள்கிறேன்.

காலையில் முதல் வளைவில்
வண்டி என்னோடு வாதாடவில்லை.
ஏழாம் கேட்டில் நிறுத்திக் காலை ஊன்றினேன்.
விரல்கள். பாதம். பிறகு, கேட்காமலேயே, குதிகால்.
காற்று வழக்கம்போல் வந்து இடித்தது.
நகராமல் நின்று
பூட்டைத் திறந்தேன்.

பெட்ரோல் பங்க்கில் தெல்மோ
பின்சக்கரத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.
"என் நூற்றி நாற்பது எங்கே?"

நில்டாவின் கூரையில்.
தகரம் பறக்காமலிருக்க மேலே ஏற்றிவிட்டாள்.
போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.
"மற்றவர்கள் கூரையில் எல்லாம்
சின்னச் சின்ன டயர்" என்றான்,
மிகவும் திருப்தியாக.