தாசம்மாளின் முட்டுப்பட்டை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செயற்கைக்கால் கடை.
வெட்டுவது ரெத்தினராஜ், தைப்பது மெஷின்,
ஓரம் மட்டும் நான்.

தாசம்மாள் வந்தது மழைக்கு முந்தின புதன்.
குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்,
விடியுமுன் முந்நூறு மரம் பால்வெட்டு,
அதில் பாதி சரிவில்.
காலைக் கழற்றி பெஞ்சில் சாய்த்துவைத்தாள்.
சேலையை ஒதுக்கி, முட்டுக்கு மேலே
ஓடிய சிவந்த வரியைக் காட்டினாள்,
பென்சிலால் போட்டதுபோல் அத்தனை நேர்.
"அளவு செரிதான். ஓரந்தான் கடிக்கி."

அந்தப் பட்டை எனக்கு நினைவிருந்தது.
ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க
ஒரு பக்கம் தேய்த்து
மறுபக்கத்தைச் சாயம் பூசி மறைத்திருந்தேன்.
சாயம் கண்ணை ஏமாற்றும்.
தோலுக்குத் தோல் தெரியும்.

மூலையைச் சீவினேன்.
சீவல் சுருண்டு மடியில் விழுந்தது.
நானூறாம் நம்பர் உப்புத்தாள்.
பிறகு தண்ணீர், விரல்நுனி அளவே:
கூடினால் ஓரம் உப்பும்,
குறைந்தால் அயினிக்கட்டை வழுக்காமல் முனகும்.
தேய்க்கத் தேய்க்க
எழுந்து நின்ற நாரெல்லாம்
பக்கத்து நாரின்மேல் தலைசாய்க்கும்.
ஒரு சூடு வரும்.
அந்தச் சூட்டில்தான் மெழுகு வைக்க வேண்டும்.

மெழுகு தீர்ந்திருந்தது.
டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்.
அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
பால்வெட்டுக் கத்தி சுற்றிய துணியை அவிழ்த்து
மஞ்சள் கட்டி ஒன்றை நீட்டினாள்.
தேனீப்பெட்டி மெழுகு, கத்திப்பிடிக்குப் போடுவதாம்.
"ரப்பருக்க தளிருலயாக்கும் அது தேனெடுக்கும்."

முடிந்ததும் முந்தானையிலிருந்து
ஒரு நூலைப் பிய்த்து
ஓரத்தில் வைத்து இழுத்தாள்.
போய்க்கொண்டே இருந்தது, போய்
ஓரிடத்தில் நின்றது.
ஒன்றும் சொல்லாமல்
அங்கே நகத்தை வைத்தாள்.

மறுபடி உப்புத்தாள்.
ஐந்தே முக்கால் பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தை மாசம் வந்தாள்.
பக்கிள் துருப்பிடித்திருந்தது, அதற்கு.
ஓரத்தைப் பற்றிக் கேட்கவே கூடாதென்று இருந்தேன்.
பட்டையை வாங்கித் திருப்பினேன்.
என் மெழுகு எப்போதோ போயிருந்தது.
வியர்வையும் சரிவும் முந்நூறு மரமும்
கட்டையால் நான் எட்டாத ஒரு கறுப்புக்கு
அதைக் கொண்டுபோயிருந்தன.
விரல் வைத்தேன், நிற்க இடமில்லை.

"எம்பது ரூவா" என்றேன், பக்கிளுக்கு.
"அறுவது" என்றாள்.