மார்கரெட்

வாசலில் இருந்த பெண் பெயர் கேட்டாள்.
மரகதம் என்றேன்.
பாட்டுச் சத்தத்தில் பாதிதான் அவளுக்கு எட்டியது.
நீல மார்க்கரில் எழுதி என் குர்த்தாவில் ஒட்டினாள்:
மார்கரெட்.
திருத்தச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
பின்னால் ஏழு பேர்.
ஏழு பேருக்கும் வேலை வேண்டும்.

பெல்லந்தூரில், பீர் காய்ச்சும் கடையின் மூன்றாம் மாடி.
நுழைவுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
அதில் ஒரு கோப்பை இலவசம்.
எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொண்டேன்.
வெறுங்கையோடு நின்றால்
வேலை போனது வெளியே தெரிந்துவிடும் போலிருந்தது.

பதினாறு வருடம் டெஸ்டிங்.
அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது.
இங்கே முப்பது வினாடிக்குள்
என்னையே பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.
500டி பேருந்தில் டின் ஃபேக்டரியிலிருந்து
உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
ஏதோ மந்திரம் என்று நினைத்து
பக்கத்து இருக்கைக்காரர்
காலை மரியாதையாக ஒதுக்கிக்கொண்டார்.

மார்கரெட்டுக்கு எல்லாம் சுலபமாக வந்தது.
தானே போய்க் கை குலுக்கினாள்.
இப்போது எங்கே என்றால்
சின்ன இடைவெளி என்றாள்.
இடைவெளிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது.
பேசிக்கொண்டிருக்கும்போதே
என் தோளுக்கு மேலே நழுவின கண்கள்,
இன்னும் பெரிய ஆளாக யாராவது வருகிறாரா என்று.
குறை சொல்ல மாட்டேன்.
நானும் அவர்கள் தோளுக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிபாரிசு என்றால் நாக்கு கூசுகிறது.
ரெஃபரல் என்றால் கூசவில்லை.
போனை நீட்டி நீட்டி
இருபத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன்.
அதில் பத்தொன்பது பேர் என்னைப் போலவே.
பந்தி நிறைந்திருந்தது,
பரிமாறத்தான் ஆளில்லை.

“நீங்க மார்கரெட் இல்லையே.”

சட்டையில் திப்பேஸ்வாமி என்று ஒட்டியிருந்தது.
கையில் பாதி கடித்த பனீர்க் குச்சி.
“மரகதம் மேடம். மாரத்தஹள்ளி ஆபீஸ், நாலாவது ரவுண்டு.
ஆறு வருஷமாச்சு.
நீங்கதான் என்னை வேண்டாம்னு எழுதினது.”
கன்னடத்தில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான்.

முகம் நினைவுக்கு வரவில்லை.
அந்த வருடம் எத்தனை முகம்.
வெள்ளிக்கிழமை ஆறு மணியாக இருந்திருக்கும்.
கிரெச்சில் மகன் காத்திருப்பான்,
ஆறேகாலைத் தாண்டினால் நூறு ரூபாய் அபராதம்.
படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
“பேச்சுத்திறன் போதாது”
என்பதில் டிக் அடித்திருப்பேன்.
அம்புக்குறிக்குப் பக்கத்திலிருந்த கட்டம் அதுதான்.

“என்ன எழுதினீங்க?
ஹெச்.ஆர். கடைசிவரை சொல்லவே இல்லை.”
கோபமில்லை அதில்.
வாடகை வீட்டை எப்போதோ காலி செய்தவர்
அந்த மூன்றாவது சாவி எந்தப் பூட்டுக்கு என்று
கேட்பதுபோல் கேட்டார்.

நினைவில்லை என்றேன்.
உண்மைதான்.
முழுசாக இல்லை.

அவருக்குக் கீழே இப்போது பதினோரு பேர்.
இரண்டு இடம் காலி.
“ரெஸ்யூமே அனுப்புங்க.”
அந்த அறையில் எல்லோரும் எல்லோரிடமும் சொன்ன வார்த்தைதான்.
ஆனால் இவர் மட்டும்
டிஷ்யூ தாளில் மின்னஞ்சல் எழுதி
எழுத்து கலையாதபடி மடித்துக் கொடுத்தார்.

முந்நூறு பேர் கூடிய மாடியில்
என் பெயர் தெரிந்தவர்
நான் கதவைச் சாத்திய ஒருவர்.

வெளியே மழை. திரும்பும் பேருந்தில்
ரெஸ்யூமேயை இணைத்துவிட்டேன்.
‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று எழுதி அழித்தேன்.
‘அன்று நான்’ என்று எழுதினேன்.
மஹாதேவபுரா வரை அந்த இரண்டு சொல்லிலேயே நின்றது.
கட்டத்தைச் சொன்னால் வேலை போகும்.
சொல்லாவிட்டால் கிடைத்தாலும் கிடைக்கும்.
பேச்சுத்திறன் என்பது
இதில் எது என்று தெரியவில்லை.

இறங்கும்போதுதான் பார்த்தேன்,
குர்த்தாவில் பசைத் தடம் மட்டும் இருந்தது.
ஈரத்தில் கழன்று
இருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்ட மார்கரெட்
ஹெப்பாளுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
அவளிடம் கேட்டிருந்தால்
முதல் வரியை
முப்பது வினாடியில் சொல்லியிருப்பாள்.