முப்பத்தைந்தாம் பல்

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை, பல் கிளினிக்.
புதன்கிழமை. நாற்பத்தோராவது துண்டு.
கரண்ட் போய் ஜெனரேட்டர் முனகுகிறது.

வெளிச்சப் பெட்டியில் ஒரு கீழ்த்தாடை.
முப்பத்தைந்தாம் இலக்கப் பல் நிற்கவேண்டிய இடத்தில்
வெறும் எலும்பு. அதன் மேல்
பதினேழு வயதிலும் விழாத பாற்பல்,
எழும்பச் சொல்லி ஒருவரும் வராததால்
இருக்கையை விடாத பயணிபோல.

"பல்லுக் கொழுக்கட்டை கொட்டேல்லை டொக்டர்,"
என்கிறார் தவயோகம், மகளுக்குக் கேட்காத குரலில்.
"முதற்பல்லு வரேக்க முகாமில இருந்தனாங்கள்.
மாவுக்கு எங்க போறது.
அதாலயோ?"

இல்லை அம்மா, பரம்பரையலகு, என்றேன்.
பெரும்பாலும் அதுதான்.

பல் தனியே முளைப்பதில்லை.
மேலே ஒரு மெல்லிய தோல்,
கீழே இளகிய இழையம்.
முதலில் தோல்தான் பேசும்:
மடிந்து, மொட்டாகிக் கீழே இறங்கி
'இங்கே' என்னும்.
சில நாளில் பேச்சு கைமாறும்.
எலி முளையம் ஒன்றில் அந்தக் கீழிழையத்தைக் கிள்ளிப்
பாதத்தின் தோலோடு சேர்த்து வளர்த்தார்கள்.
வாய் என்ற ஒன்றையே அறியாத தோல்
பல் கட்டியது.

அந்தக் கீழிழையமும் உள்ளூர் இல்லை.
முள்ளந்தண்டு உருவாகும் விளிம்பில் புறப்பட்டு
முகம்வரை நடந்து வந்த கலங்கள்.
(கலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது
நான் படகென்றே நினைத்திருந்தேன்.)

நடுவில் ஒரு முடிச்சு.
தான் பெருகாது, சுற்றியிருப்பவற்றைப் பெருகச் சொல்லும்.
முகடு எது பள்ளம் எது என்று சொல்லிவிட்டுச்
செத்துப்போகும்.
மிளிரி கட்டிய கலங்களும்
பல் வெளிச்சம் காணும்போது இல்லை.
ஆகவேதான் நான் இங்கே
நாள் முழுக்கச் சீமெந்து குழைக்கிறேன்.

"திரும்ப முளைக்க மருந்து வருதாமே, போனில பாத்தன்,"
அபிசாயினி, வாயில் பஞ்சோடு.

மனிதரில் இப்போதுதான் பார்க்கிறார்கள் பிள்ளை.
'நில்' என்று சொல்லும் ஒரு புரதத்தின் வாயை அடைத்தால்
பாதியில் நின்ற மொட்டு நகருமா என்று.
எலியில் நகர்ந்தது.

"எனக்கு மொட்டு இருக்கா?"

எக்ஸ்ரேக்குச் சுண்ணாம்பு மட்டுமே தெரியும்.
மொட்டு மெத்தென்றது.
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது என்றேன்;
இந்தக் கதிரையருகே நின்று
அதிகம் சொல்லாத வசனம்.

பாற்பல்லைப் பிடுங்கவில்லை. ஆடாமல் நிற்கிறது.
ஆறு மாதம் கழித்து ஒரு திகதி எழுதினேன்.

எழுதும்போதுதான் கார்டைப் பார்த்தேன்.
பிறந்தது 2008, ஆடி.
முப்பத்தைந்தின் மொட்டு அரும்புவது
பிள்ளை பிறந்து ஏறக்குறைய பத்தாம் மாதம்.
ஆவணி, புரட்டாதி என்று விரலில் எண்ணத் தொடங்கி
மாசியோடு நிறுத்தினேன்.
ஒரு பரம்பரையலகுக்கு நாட்காட்டி தெரியாது.
இதை நான் நம்புகிறேன்.

தவயோகம் கார்டை வாங்கி
பொலித்தீன் பைக்குள் வைத்து
இரண்டாக மடித்தார்.

நாற்பத்திரண்டு, என்று தாதி கூப்பிட்டார்.