இருபத்தோராவது வளைவு

வாரத்தில் ஆறு நாள்
சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே
இருபது கொண்டை ஊசிகளிலும்
பஸ்ஸைக் கோத்து எடுப்பவன்.
ஓய்வு நாளில்
அதே மலைமேல், ஏரி நடுவில்,
நேராகப் போகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மிதிபடகுக்கு டிக்கெட் கொடுப்பது ஒன்பது மணிக்கு.
அதுவரை தண்ணீர் எங்களுடையது.
பாய்ப்படகுச் சங்கம்: உறுப்பினர் ஏழு, படகு இரண்டு.
ஒன்றின் பாயில் ஒட்டுப் போட்டிருப்பது
பல் டாக்டர் வீட்டுக் கார் உறை.

கற்றுத்தரும் பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது.
காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறாள்.
ஊர் மணப்பாடு.
மற்றவர்கள் ஷீட் என்கிற கயிறு
அவளுக்குத் தாமான்.

எட்டு முடிச்சு போடுங்க என்றாள் முதல் நாள்.
சிரித்துவிட்டேன்.
தொண்ணூற்றாறில் எட்டுப் போட்டுத்தான்
லைசென்ஸ் வாங்கினேன்.
கயிறு என் எட்டை ஒத்துக்கொள்ளவில்லை.
இழுத்ததும் அவிழ்ந்து
வெறும் கயிறாகிவிட்டது.

சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளினால்
படகு இடது பக்கம் போகிறது.
என் கைகளுக்கு இதில் ஏதோ மோசடி படுகிறது.
கால், பாட்டுக்கு, பிரேக்கைத் தேடுகிறது.
பிரேக் இல்லை.
நிற்க வேண்டுமா, தாமானை விட்டுவிடு.
இத்தனை காலம்
அழுத்தித்தான் எதையும் நிறுத்தியிருக்கிறேன்:
பஸ்ஸை, வாயை,
ஒருமுறை, மகளின் சென்னைப் பயணத்தை.

எதிர்க்காற்றில் எந்தப் பாயும் நேரே போகாது என்றாள்.
ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம்,
திரும்பு,
மறுபக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம்,
திரும்பு.
"அட, இது நம்ம காட் ரோடுண்ணா"
என்றான் சித்தேஸ்வரன்.
என் கண்டக்டர். இங்கே முன்பாய் பிடிப்பவன்.

ஒவ்வொரு திருப்பத்திலும்
பாயின் அடிக்கட்டை, பருமல்,
தலைக்கு மேல் குறுக்கே வீசும்.
குனிந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும்.
அதற்கு முன் நான் "ரெடியா?" என்று கேட்க வேண்டும்,
அவன் "ரெடி" சொல்ல வேண்டும்.
அவன் சொல்வது: "போலாம் ரைட்!"
நான்கு வாரம் திருத்திப் பார்த்த பெனிட்டா
அதையே சங்கத்தின் சொல்லாக்கிவிட்டாள்.
இப்போது பல் டாக்டரும் போலாம் ரைட்தான்.

ஆடி பிறந்தது.
தண்ணீரில் ஒரு கருந்தடம் ஓடி வந்தால்
அது காற்று, தாமானைத் தளர்த்து என்பது பாடம்.
அன்று வந்தது, சேர்வராயன் கோயில் பக்கமிருந்து.
அழகாக இருந்ததா,
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வானம் பக்கவாட்டில் வந்தது.
குளிர். பாசி வாசம். காதுக்குள் ஏரி.
மேலே வந்தபோது சித்தேஸ்வரனின் தலை,
அதைத் தாண்டி மிதந்து போகும் ஒற்றைச் செருப்பு.
"எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டான்.

அடிப்பலகையில் ஏறி நின்று
பின்னால் சாய்ந்தோம்,
இருவருமாக நூற்று அறுபது கிலோ.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு, குட்டையிலிருந்து எருமை எழுவதுபோல
மனசில்லாமல் எழுந்தது பாய்.
கரையில் சோளம் சுடுகிறவர்
விசிறியைக் கீழே வைத்துக் கைதட்டினார்.

மற்றொரு நாள் காற்றே இல்லை.
நடு ஏரியில் நாற்பது நிமிடம்.
கரைச் சாலையில் என் ஏழு ஐம்பது போகிறது,
ஓட்டுவது வேறொருவர்.
ஹாரன் அடித்தார்.
திருப்பி அடிக்க என்னிடம் எதுவுமில்லை.
கையைத் தூக்கிக் காட்டினேன்.
தாமதத்துக்குக் காரணம் எழுத
இங்கே டிரிப் ஷீட்டும் இல்லை.
அன்று மாலை மகளுக்குப் போன் செய்தேன்,
சொல்ல விஷயம் ஒன்றும் இல்லாமலே.

திங்கட்கிழமை, நாற்பத்தெட்டுப் பேரோடு,
பதிமூன்றாம் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது
சட்டென்று தலையைக் குனிந்தேன்.
மேலே பருமல் ஏது,
ஒரு குங்குமப் பொட்டு வைத்த விசிறிதான்.
யாரும் கவனிக்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தால்
சித்தேஸ்வரன், பையை அணைத்தபடி,
இடப்பக்க சீட்டிலிருந்து வலப்பக்கத்துக்கு
மாறி உட்கார்ந்துகொண்டிருந்தான்.