எந்த இரண்டு மணி நேரம்

மூன்றாவது தடவையும் கூட்டிப் பார்த்தாயிற்று.
தீயணைப்பு நிலைய மண்டபம்,
எண்பத்திரண்டு பேருக்கு இறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு,
இருவருக்கு ஒன்று வீதம் வோட்கா
(அதில் கைவைத்தால் தோபியாஷின் மாமன்மார்
மண்டபத்திலேயே கணக்குத் தீர்ப்பார்கள்),
அக்கார்டியன்காரர், கேக், கார்.
மிச்சம் ஆயிரத்து எழுநூறு ஸ்லோட்டி.
ஹால்ஷ்கா கேட்பதோ ஆறாயிரத்து ஐந்நூறு.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு
போட்டோவுக்கு ஒதுக்க வேண்டுமாம்.
பல் மருத்துவமனையில் என் பக்கத்தில் நின்று
பஞ்சு எடுத்துக் கொடுக்கும் ரெனியா சொன்னாள்.
செலவில் என்ன பத்தில் ஒன்று,
நாளில் பத்தில் ஒன்று போதாதா என்றான் தோபியாஷ்,
டயர் கடைக் கருமை போகாத விரலால்
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே.
இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

ஹால்ஷ்காவை நேரில் போய்ப் பார்த்தோம்.
சுவாவ்கியின் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடியில் ஒற்றை அறை.
அவள் பேரம் பேசவில்லை, விளக்கினாள்:
இரண்டு கேமரா, ஒன்று கெட்டால் இன்னொன்று,
லென்சுக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி,
உங்கள் ஒரு நாளுக்கு
நான் திரைமுன் உட்காரும் பன்னிரண்டு நாள்.
"அந்த விலையில் என் முழங்காலும் சேர்த்தி" என்று
மேசைக்கு அடியிலிருந்து காலை நீட்டிக் காட்டினாள்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
பல் பிடுங்கக் காசு அதிகம் என்பவர்களை
நான் எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும்.

சில்லறையாக வாங்கலாமா?
வாங்கலாம். மணிக்கு எண்ணூற்றைம்பது.
வெங்காயமும் அப்படித்தான்,
மூட்டையாக வாங்க வக்கில்லாதவருக்கு
விலை கூடும்.

சரி, இரண்டு மணி நேரம். எந்த இரண்டு?

தேவாலயத்தில் எப்படியும் ஆடாமல் அசையாமல் நிற்போம்,
யாருடைய போனுக்கும் அது அகப்படும்.
ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்கும்போது
மாமியார் அழுவார்; அதைப் பார்த்து நானும் அழுவேன்;
மூக்கு சிவந்த இரண்டு பெண்கள்.
முதல் நடனமா?
தோபியாஷ் ஆடினால்
ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளுவது போலிருக்கும்.
அதற்குச் சாட்சி வேண்டாம் என்று அவனே சொன்னான்.

பிறகு காகிதத்தைத் திருப்பி
சாப்பாட்டு வரியைப் பார்த்தேன்.
சமையல் கூலி: பூஜ்யம்.
அந்தப் பூஜ்யம் என் அம்மா.
கோட்டுக்குள் ஏப்ரன் கட்டியபடி வந்து,
மோதிரம் மாற்றியதும் அடுப்புக்கு ஓடிவிடுவாள்.
அவளோடு பக்கத்து வீட்டு இர்மினாவும்
ரயில்வே கான்டீனில் பழகிய இன்னொருத்தியும்.
நள்ளிரவில் என் முக்காட்டைக் கழற்றிய பிறகு
கடைசியாகச் சூடான பீட்ரூட் சூப் போகும்.
அது போனதும்தான் மூவரும் வெளியே வந்து
எங்காவது காலியான நாற்காலியில்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்வார்கள்.

"பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை" என்றேன்.
ஹால்ஷ்கா பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.
இப்படி யாரும் கேட்டதில்லை என்றாள்.
கேட்டதில்லை என்பதற்காகக் குறைக்கவில்லை:
நள்ளிரவுக்கு மேல் ஒன்றரை மடங்கு,
இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது.

அம்மாவிடம் சொன்னபோது கத்தினாள்.
"அந்த நேரத்தில் என் தலை எப்படி இருக்கும் தெரியுமா?
நீராவியில் வெந்த கோழி மாதிரி!"
அரை மணி கழித்து அவளே கூப்பிட்டு
ஏப்ரன் நீலமா வெள்ளையா என்று கேட்டாள்.

எண்ணூற்றைம்பது இடித்தது.
தோபியாஷ் பட்டியலில் மேலும் கீழும் போய்
காரை அடித்தான்.
தேவாலயத்திலிருந்து மண்டபம் எழுநூறு மீட்டர்,
நடந்தே போகலாம்.
அக்டோபர் மாதம், மழை வந்தால்? என்றேன்.
வரட்டுமே என்றான்,
அப்போது ஹால்ஷ்கா
வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள்.